காரணம்: வரலாறு

யோகலட்சுமிக்குக் குரல்தான் சொத்து. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் பதினோரு வருடமாக வரலாறு நடத்துகிறாள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். பக்கத்து அறையில் பொருளாதாரம் நடத்துகிறவருக்கும் கேட்கும். அவர் இரண்டு முறை எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறார். பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்தக் கௌரவம் முடிந்துவிடும். ஜூனில் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால் திரும்பத் தொடங்கும். பதினோரு கடிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்திருக்கிறாள். தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவள் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டினார்கள். ஆகஸ்டில், போன் வழியாகவே பாடம் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. சாத்தூரில் அவள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு வடபுறம். அங்கே நிழல் கிடையாது. அவள் கணவன் மணிமுத்து சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலை பார்ப்பவன். அவன் அச்சகத்தில் மிஞ்சிக் கிடந்த பிளெக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து நாலு மூலையிலும் கயிறு கட்டிப் பந்தல் ஆக்கினான். யாரோ ஒரு பெண் பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு அடித்தது, பெயரில் பிழை வந்ததால் ஒதுக்கியது. அந்தப் பிள்ளையின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் யோகலட்சுமி இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பிரெஞ்சுப் புரட்சியை ஆரம்பித்தாள்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். முதல் நாள் வந்தது பதினோரு பேர். மற்றவர்கள் எங்கே என்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கல்லூரியைத் திறக்கவில்லையே தவிர, பட்டாசு ஆலைகளைத் திறந்துவிட்டார்கள். தீபாவளி சீசன். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

முதல்வர் தனுஷ்கோடி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டார். தினமும் வகுப்பு முடியும்போது பெயர்ப் பட்டியலை அப்படியே படம் பிடித்து குழுவில் போட வேண்டும். எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே வருகை உள்ள மாணவிகள் தேர்வு எழுத முடியாது. எழுபத்தைந்துக்குக் கீழே போகிற வகுப்புகளில் ஆசிரியரின் தேவையும் மறுபரிசீலனை செய்யப்படும். மறுபரிசீலனை என்ற சொல்லுக்கு அந்தக் கல்லூரியில் ஒரே அர்த்தம்தான், அது நிரந்தர ஆசிரியர்களுக்குப் பொருந்தாது.

செப்டம்பர் மூன்றாவது வாரம் பட்டியலில் திடீரென்று முப்பத்துமூன்று பெயர்கள் வந்தன. யோகலட்சுமி காரணம் கேட்கவில்லை. நல்லது நடக்கிறபோது ஏன் என்று கேட்டுக் கெடுத்துக்கொள்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. படத்தை அனுப்பினாள். முதல்வர் கட்டைவிரல் போட்டார். பதினோரு வருடத்தில் அவர் அவளுக்குப் போட்ட முதல் கட்டைவிரல் அது.

அதிலும் ஒன்பது பேர் தனி ரகம். பாடம் முடிந்து எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு வெளியேறினாலும் அந்த ஒன்பது பெயர்களும் நகராது. அழகுமீனா, பிரீத்தி, பொன்னுத்தங்கம் என்று வரிசையாக அப்படியே நிற்கும். அவளாக இணைப்பைத் துண்டித்தால்தான் உண்டு.

"பாடம் முடிஞ்சும் போக மனசில்லாம இருக்காளுக" என்று மணிமுத்துவிடம் பெருமையாகச் சொன்னாள்.

"கல்யாண வீட்டுலயே சாப்பிட்டதும் எந்திரிச்சிருதாக" என்றான் மணிமுத்து. அவனுக்குச் சந்தேகம். அவளுக்கு அது பொறாமையாகப் பட்டது.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் போனைத் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க வந்த கணவனிடம் தனுஷ்கோடியைப் பற்றித் தன் கருத்துகளைச் சொன்னாள். பதினோரு வருடத்துக் கருத்துகள். வரலாற்று ஆசிரியை ஆகையால் வருட வாரியாகச் சொன்னாள். ஆறாவது வருடத்துக்கு வந்தபோது போனிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"டீச்சர், லைன் இன்னும் கட் ஆகலை. பிரின்சிபாலைப் பேசுறது இங்கன வரைக்கும் கேக்குது."

யோகலட்சுமி போனை எடுத்துப் பார்த்தாள். அழகுமீனா என்ற பெயருக்குப் பக்கத்தில் மைக் திறந்திருந்தது.

"யாரு பேசுறது? அழகுமீனா எங்க?"

"பிள்ளை உள்ள வேலையில இருக்கு. நான் வெள்ளைத்துரை. கேட்டு வாட்ச்மேன்."

வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு பட்டாசு ஆலை. அதன் வாசலில் வாட்ச்மேனுக்கு ஓர் ஓட்டு அறை. பட்டாசு ஆலைக்குள் போன் போகக்கூடாது. பீடி, தீப்பெட்டி, போன் எல்லாவற்றையும் வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அந்த ஒன்பது பிள்ளைகளும் வேனில் வரும்போதே வகுப்புக்குள் நுழைந்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் போனை வெள்ளைத்துரையிடம் கொடுத்துவிட்டு வெடிமருந்து அடைக்கப் போய்விடுவார்கள். அவர் ஒன்பதையும் பலகையில் வரிசையாக வைப்பார். எட்டில் சத்தத்தை அடைத்துவிடுவார். ஒன்றில் மட்டும் கேட்பார்.

"ஆஃப் பண்ணித்தானே வாங்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டாள் யோகலட்சுமி.

"போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு. போனை எழுதி வைக்கிற நோட்டுல இல்லை. நான் நோட்டைப் பாத்து நடக்கிற ஆளு." உடனே, "ராசா தலையை வெட்டுனதோட இன்னைக்கு நிறுத்திட்டீகளே. ராணி என்ன ஆனாக?" என்றார்.

வரலாறு தெரிந்தவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபம்தான் அது என்று மணிமுத்துவிடம் சொன்னாள். ஒரு மாதம் தொண்டை கட்டக் கட்டப் பேசியது ஒரு பலகையோடு.

சாயங்காலம் அழகுமீனா கூப்பிட்டாள். வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள் அவள்தான்.

"அப்பாவுக்கு மில்லுல வேலை இல்லை மேம். வீட்டுல நான் ஒருத்திதான் போறேன். லீவு போட்டா அந்த இடத்துல வேற ஆளை வச்சிருவாக. அட்டெண்டன்ஸ் இல்லைன்னா பரீட்சை போயிரும். ரெண்டும் ஒன்பதரைக்குத்தான் இருக்கு." மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள். "எங்க ஒன்பது பேரையும் ஆப்சென்ட் போட்டுருவீகளா?"

யோகலட்சுமி மனதுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையை எழுதினால் ஒன்பது பேருக்குத் தேர்வு போகும், அதோடு படிப்பும் நின்றுவிடும். ஒரு முறை விட்ட பிள்ளையைத் திரும்பக் கல்லூரிக்கு அனுப்புகிற வீடு அந்தப் பக்கம் குறைவு. பட்டியல் இருபத்துநாலுக்கு இறங்கும், அப்புறம் பன்னிரண்டாவது கடிதத்தை மறந்துவிடலாம். மறுநாள் அவள் முப்பத்துமூன்று பெயர்களையும் படம் பிடித்து அனுப்பினாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. பொய் எழுதியது அல்ல. அழகுமீனாவுக்குப் பாஸ்டில் சிறைக்கோட்டை என்றால் என்னவென்று தெரியாது, வாட்ச்மேனுக்குத் தெரியும் என்பதுதான். அவளே வெள்ளைத்துரையைக் கூப்பிட்டாள்.

"பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் எப்போ அண்ணாச்சி?"

"பன்னெண்டே முக்கால். கை கழுவி வெளிய வந்து வேன் நிழல்லதான் சாப்பிடுவாக. கேட்டுக்கு வெளிய போன் இருந்தா தப்பில்லை."

அன்றிலிருந்து யோகலட்சுமி ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்தினாள். ஒன்பதரைக்குப் பட்டியலுக்காக ஒரு முறை. பன்னிரண்டே முக்காலுக்கு, பாஸ்டிலிலிருந்து திரும்ப ஆரம்பித்து, ஒற்றைப் போனில், இருபத்தைந்து நிமிடம், ஒன்பது தூக்குச்சட்டிகளுக்கு. மூடி திறக்கிற சத்தம், விக்கல், 'அந்த ஊறுகாயைத் தள்ளு' எல்லாம் நடுவில் வரும். கேள்வி கேட்டால் வாயில் சோற்றோடு பதில் வரும். வெறும் பெயர்களுக்குப் பாடம் நடத்திக் களைத்திருந்தவளுக்கு அந்தச் சோற்று வாய்ப் பதில்கள் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் கல்வித்துறைக்குப் புரியாது. உச்சி வெயிலில் பிளெக்ஸுக்குக் கீழே உட்கார்ந்து அவள் கறுத்துப்போனாள். எந்தக் கணக்கிலும் வராத அந்த வகுப்பைத்தான் அவள் வகுப்பு என்று நினைத்தாள்.

தீபாவளி முடிந்து, ஆலை திரும்பத் திறந்த பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்தது. வந்தது என்றால் போனுக்குள் வந்தது. ஆன்லைன் வகுப்புகளின் தரத்தைப் பார்க்கிற குழு. தலைவர் பேராசிரியர் சபரிநாதன். அவருக்குப் பின்னால் ஒரு கடற்கரை தெரிந்தது, அதில் ஒரு தென்னை. காற்றுக்கும் அது அசையவில்லை. பக்கத்துக் கட்டத்தில் முதல்வர் தனுஷ்கோடி, கழுத்தில் டையோடு. மணி ஒன்பதே முக்கால்.

பாதி வகுப்பில் சபரிநாதன் குறுக்கிட்டார்.

"நல்லா நடத்துறீங்க. பிள்ளைகள் என்ன வாங்கியிருக்காங்கன்னு பார்ப்போம். அழகுமீனா, பாஸ்டில் ஏன் விழுந்தது? சொல்லும்மா."

மைக் திறக்கவில்லை.

"அழகுமீனா இருக்காங்களா?"

"நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும் சார்" என்றார் தனுஷ்கோடி.

"அப்ப பிரீத்தி சொல்லட்டும்." அதுவும் அசையவில்லை. சபரிநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "பேர் மட்டும் இருந்தா வருகை ஆகாது மேடம். பதில் வராதவங்களை ஆப்சென்ட் போடுங்க."

அப்போது அழகுமீனாவின் மைக் திறந்தது.

"அய்யா, வணக்கம். அந்தப் பிள்ளைக உள்ள வேலையில இருக்காக. போனு உள்ள போகக்கூடாது, அது சர்க்கார் சட்டம். நான் கேட்டு வாட்ச்மேன். கேள்வியை எங்கிட்ட கேளுங்க, மத்தியானம் அவுககிட்டச் சொல்லிருதேன்."

கட்டங்களில் முகங்கள் நிமிர்ந்தன. தென்னை மட்டும் எப்போதும்போல் நின்றது.

"பாஸ்டில்" என்றார் சபரிநாதன்.

"அங்க காவலுக்கு இருந்தது நூத்திப் பதினாலு பேரு அய்யா. அதுல எம்பத்திரெண்டு பேரு வயசாளிக, சண்டையில அடிபட்டு வந்தவுக. சோறு ரெண்டு நாளைக்குத்தான் இருந்துச்சு, தண்ணி கிடையாது. அப்படி ஆளைப் போட்டா எந்தக் கேட்டும் நிக்காது. ரொட்டி விலை ஏறிருச்சுன்னும் டீச்சர் சொன்னாக. அதையும் எழுதணும், அதுக்குத்தான் மார்க்கு."

சபரிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரிதான்" என்றார். பிறகு யோகலட்சுமியைப் பார்த்து, "இந்த மாதிரி எத்தனை பேர் மேடம்?" என்றார்.

தனுஷ்கோடி கண்ணால் ஏதோ சொன்னார். நெட்வொர்க் என்று அவளும் சொல்லியிருக்கலாம். அந்த வருடம் நெட்வொர்க் சுமக்காத பழி இல்லை.

"ஒன்பது பேர் சார்" என்றாள். "காலையில பேர் மட்டும்தான் இருக்கும். தெரிஞ்சேதான் படம் அனுப்பினேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அவங்களுக்குத் தனியா எடுக்கிறேன். முப்பத்தாறு வகுப்பு எடுத்திருக்கேன்."

தனுஷ்கோடியின் கட்டம் கறுத்துப்போனது.

"அந்த முப்பத்தாறுக்கு வருகைப் பதிவு இருக்கா?"

"இல்லை சார்."

"கையெழுத்தோட ஏதாவது ஒரு பதிவு இருந்தா அனுப்புங்க, ஏத்துக்கலாம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம். இல்லைன்னா ஒன்பது பேரும் செமஸ்டர் முழுக்க ஆப்சென்ட்தான். எனக்கும் வேற வழியில்லை." கெட்ட மனிதர் இல்லை. சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் நல்ல மனிதர், அது இன்னும் சிரமம்.

குழு போனதும் வெள்ளைத்துரை பேசினார். "டீச்சர், அய்யா கேட்டது நோட்டுதானே? நேர்ல வாங்க."

யோகலட்சுமி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் காக்கிச் சட்டையும் தாடைக்கு இறங்கிய முகக்கவசமுமாக, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். அவள் வாயைத் திறந்து "அண்ணாச்சி" என்றதும்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"குரலுக்கு ஆளு சின்னதா இருக்கீக" என்றார்.

உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். ஆலையின் முத்திரை குத்தியது. போனை வாங்கி வைத்தால் பெயர், நேரம், கையெழுத்து. வேலை நேரத்தில் ஒரு போன் பலகையை விட்டு வெளியே போனால் திரும்பவும் பெயர், நேரம், யார் யார் பேசினார்கள் என்ற கையெழுத்து, காரணம். காரணம் என்ற கட்டத்தில் மற்ற பக்கங்களில் இப்படி இருந்தது: மகனுக்குக் காய்ச்சல். மாமனார் இறப்பு. மாடு கன்று போட்டது. அதற்குப் பிறகு, நாள் தவறாமல் பன்னிரண்டே முக்காலுக்கு, அழகுமீனா போன் வெளியே. காரணம்: வரலாறு. கீழே கையெழுத்துகள். ஒன்று பத்துக்குப் போன் உள்ளே. சில நாட்களில் அடைப்புக்குறி போட்டு விவரமும் எழுதியிருந்தார்: வரலாறு (ராசாவை வெட்டியது). வரலாறு (ராணியையும்).

"பிரீத்திக்கு அஞ்சு நாள் கையெழுத்து இல்லையே அண்ணாச்சி."

"அது அந்த அஞ்சு நாளும் வரலை. வராதவுகளுக்கு எப்படிப் போட முடியும்?"

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். முப்பத்துமூன்று பெயர்களைத் தினமும் படம் பிடித்து அனுப்பியவள் தலையைக் குனிந்துகொண்டு பக்கங்களைப் புரட்டினாள். எண்ணிப் பார்த்தாள். ஒன்பது பேரும் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். பிரீத்திகூடத் தாண்டிவிட்டாள்.

ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டாள். முடித்தபோது அந்தக் கேள்வி வந்தது. தினமும் வேலை நேரத்தில் போனை எடுத்துக் கொடுத்தார் என்பது அந்த நோட்டில் முத்திரையோடு இருந்தது.

"இதை அனுப்பினா உங்களுக்கு ஒன்னும் வராதுல்ல அண்ணாச்சி?"

"எனக்கு என்ன டீச்சர் வரப்போகுது" என்றார்.

அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

சபரிநாதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒன்பது பேருக்கும் தேர்வு எழுத அனுமதி வந்தது. மாற்று நேர வகுப்பு முன்மாதிரியானது என்று அறிக்கையில் ஒரு வரியும் எழுதினார். அந்த வரியைப் பார்த்த தனுஷ்கோடி, அது முழுக்க முழுக்கக் கல்லூரி நிர்வாகத்தின் யோசனை என்று நாலு பேரிடம் சொன்னார். எதற்கும் சரிபார்த்துக்கொள்வோம் என்று முத்திரையிலிருந்த ஆலைக்கும் போன் போட்டுக் கேட்டார். பொறுப்பான மனிதர்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அழகுமீனா வேனிலிருந்து கூப்பிட்டாள்.

"மேம், அண்ணாச்சியை நிப்பாட்டிட்டாங்க. புது வாட்ச்மேன் போனை எல்லாம் ஆஃப் பண்ணித்தான் வாங்குறாரு. மத்தியானம் தர முடியாதுங்கறாரு." வேன் சத்தத்துக்குள் அவள் குரல் உடைந்தது. "பதினாலு வருசமா அங்கன இருந்தாராம்."

யோகலட்சுமி, ஒன்பது பேருக்கும் இனிமேல் சாயங்காலம் வேனிலேயே நடத்துவதாகச் சொன்னாள். பிறகு வெள்ளைத்துரையைக் கூப்பிட்டாள்.

"என்னாலதான் அண்ணாச்சி" என்றாள். பக்கத்து அறைக்குக் கேட்கிற குரல், போனுக்கே எட்டவில்லை.

"என்ன டீச்சர், சத்தமே வரலை. உடம்புக்கு முடியலையா?" என்றார் அவர். "நோட்டுல பொய் எழுதலைல்ல. நான் வேற வேலை பாத்துக்கிடுதேன். காலையில ஒன்பதரைக்கு என்ன செய்யன்னுதான் தெரியலை. கை காலு சும்மா இருக்க மாட்டேங்குது. அந்த நெப்போலியன் படைக்குள்ள வந்தாரே, அதோட நிக்குது."

மறுநாள் ஒன்பதரைக்கு யோகலட்சுமி பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து வகுப்பைத் திறந்தாள். இருபத்துநாலு பெயர்கள் வந்தன. இருபத்தைந்தாவதாக ஒன்று கதவைத் தட்டியது: பெத்தணன் டெய்லர்ஸ். அவள் வகுப்பில் அப்படி ஒரு மாணவி கிடையாது. உள்ளே விட்டாள்.

"யாரு?"

"நான்தான் டீச்சர். நம்மகிட்ட பட்டன் போனுதான் இருக்கு. டெய்லர் கடையில கேட்டு வாங்கியிருக்கேன். பத்தரைக்குத் திருப்பிக் கொடுக்கணும்."

இந்த நாலு மாதமும் பட்டியலைப் படம்தான் பிடித்திருந்தாள். அன்றைக்கு வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பறைக் குரலில், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். பதில் வந்தவர்களுக்கு மட்டும் குறித்தாள். நாற்பத்திரண்டாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, புதிதாக ஒரு பெயரை மையில் எழுதினாள். எழுதிவிட்டுக் கூப்பிட்டாள்.

"வெள்ளைத்துரை."

பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அது நின்றது.

"உள்ளேன் டீச்சர்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் படத்தைக் குழுவில் போட்டாள். அரை மணி நேரத்தில் தனுஷ்கோடி கேட்டிருந்தார்: இருபத்தைந்தாவதாக இருப்பது யார், கல்லூரிக்குச் சம்பந்தம் உண்டா? ஜூன் மாதக் கடிதம் அவர் கையில்தான் இருக்கிறது என்று யோகலட்சுமிக்கு ஞாபகம் இருந்தது. தட்டச்சு செய்தாள்: 'என் மாணவர் சார். செப்டம்பரிலிருந்து தானாக ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாதவர் அவர் ஒருவர்தான்.'